வீட்டு மரவேலைக்கு ரம்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரவேலை பழகுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ரம்பத்தில்தான் வந்து நிற்கின்றன. உளி கைக்கு வந்துவிட்டது, இழைப்புளியும் ஓரளவு படிந்துவிட்டது, ரம்பம் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சிலர் ரம்பம் என்பார்கள், சிலர் வாள் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல ரம்பம் கிட்டத்தட்டத் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். நீங்கள் அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது. அது பெரும்பாலும் பல்லில் இருக்கும், சில நேரம் மரத்தைப் பிடித்திருக்கும் விதத்தில் இருக்கும். கீழே வரும் பதில்களில் பாதி அந்தக் கோளாறைத் தேடுவதுதான்.

ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

20 முதல் 22 அங்குல நீளத்தில், அங்குலத்துக்கு 8 முதல் 10 பல் உள்ள குறுக்கு அறுப்பு ரம்பம், அதாவது மரத்தின் நாருக்குக் குறுக்கே அறுப்பது. பலகையை அளவுக்கு வெட்டுவது, சட்டத்தைத் துண்டு போடுவது, பிளைவுட்டைக் குறைப்பது என்று வீட்டில் வரும் வேலையில் முக்கால்வாசி இதில் முடிந்துவிடும். 26 அங்குல முழு நீள ரம்பம் வேகமாக அறுக்கும், உண்மைதான். ஆனால் அதை முழுதாக வீச இடமும் உயரம் குறைந்த தாங்கியும் வேண்டும். சின்ன அறையில் வேலை செய்கிறவருக்கு அது தொல்லை.

இரண்டாவதாக ஒன்று வாங்க முடிந்தால் முதுகில் பித்தளையோ இரும்போ பட்டை மடித்துப் பொருத்திய டெனான் ரம்பத்தை வாங்குங்கள். 10 முதல் 12 அங்குல நீளம், அங்குலத்துக்கு 12 முதல் 14 பல். பட்டை தகட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்வதால் தகடு மெல்லியதாக இருந்தாலும் நெளியாது. இணைப்பு வேலைக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் பட்டைக்குக் கீழே தகடு எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் அறுக்க முடியும். பலகையைக் குறுக்கே பிளக்க இதை எடுக்காதீர்கள்.

நீள அறுப்புக்கும் குறுக்கு அறுப்புக்கும் உண்மையிலேயே வேறு வேறு ரம்பம் வேண்டுமா?

வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈர்க்குகளை இறுகக் கட்டிய ஒரு கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மரமும் அப்படித்தான், நீளவாக்கில் நார் நாராக ஓடுகிறது. அந்த நாரோட்டத்தின் போக்கிலேயே அறுப்பது நீள அறுப்பு. அங்கே பல் செய்ய வேண்டிய வேலை, நாரின் முனையைச் சீவிச் சீவி எடுப்பது. அதனால் நீள அறுப்புப் பல்லின் நுனி குட்டி உளி மாதிரி தட்டையாக, நேராக இருக்கும். வரிசையாக அடுக்கிய உளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்தைச் சுரண்டிக்கொண்டு போகின்றன.

குறுக்கே அறுக்கும்போது கதை வேறு. ஈர்க்குக் கட்டை உளியால் குறுக்கே இடித்தால் என்ன ஆகும்? ஈர்க்குகள் பிய்ந்து, சிம்பு சிம்பாக நிற்கும். சுத்தமாக வெட்ட வேண்டுமானால் முதலில் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். குறுக்கு அறுப்புப் பல் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பல்லையும் 15 முதல் 25 பாகை சாய்வாக அராவி, கத்தி முனை போல ஆக்கியிருப்பார்கள். ஒரு பல் இடப்பக்கம் கீறும், அடுத்தது வலப்பக்கம் கீறும், நடுவில் அகப்பட்ட நார் பொடிந்து வெளியே வரும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு துண்டு பலகையில் அறுத்துப் பாருங்கள். நீள அறுப்பு ரம்பத்தால் நாரோட்டத்தின் போக்கில் அறுத்தால் தூள் சின்னச் சின்ன இழையாக விழும். அதே திசையில் குறுக்கு அறுப்பு ரம்பத்தை ஓட்டினால் மாவு மாதிரி பொடி விழும், வேலையும் நகராது. நீள அறுப்புப் பல்லைக் குறுக்கே ஓட்டினால் பலகையின் அடிப்பக்கம் பிய்ந்து தொங்கும்.

வீட்டில் நீளமாக அறுக்கும் வேலை எப்போதாவதுதான் வரும் என்றால் குறுக்கு ரம்பத்தை வைத்தே பொறுமையாக முடிக்கலாம். அடிக்கடி வந்தால் அங்குலத்துக்கு 5 அல்லது 6 பல் உள்ள நீள அறுப்பு ரம்பம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பல் எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது? எது கூடுதல், எது குறைவு?

ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பல் என்று எண்ணுவது ஒரு முறை. தொடக்க நுனியையும் முடிவு நுனியையும் சேர்த்து, அங்குலத்தில் எத்தனை நுனி என்று எண்ணுவது இன்னொரு முறை. இரண்டாவதில் எப்போதும் ஒன்று கூடுதலாக வரும். 8 நுனி என்று போட்டிருந்தால் அங்குலத்துக்கு 7 பல் என்று அர்த்தம்.

பல் பெரிதாக இருந்தால் வேகம், சொரசொரப்பு. சிறிதாக இருந்தால் நேர்த்தி, நிதானம். பலகையின் கனத்துக்குள் எப்போதும் மூன்று நான்கு பல்லாவது இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டைப் பெரிய பல் ரம்பத்தால் அறுத்தால் ஒரு பல் விளிம்பில் மாட்டி, ரம்பம் எகிறும்.

ஜப்பானிய ரம்பம் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான், குணம் வேறு. நாம் வழக்கமாகப் பார்க்கும் ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். தள்ளும்போது தகடு நெளியாமல் இருக்க அது தடிமனாக இருக்க வேண்டும். சாதாரணக் கைரம்பத்தின் தகடு சுமார் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கும். இழுக்கும்போது தகடு தானே விறைத்துக்கொள்வதால் மெல்லியதாக அடிக்க முடிகிறது. டோசுகி என்ற முதுகுப்பட்டை வகையில் 0.3 மில்லிமீட்டர் தகடு சாதாரணம். தகடு மெலிந்தால் அறுப்புத் தடம் ஒடுங்கும், எடுக்க வேண்டிய மரம் குறையும், கைக்கு வேலை குறையும். பழைய எகிப்தியர்களின் செப்பு ரம்பங்களும் இழுத்து அறுப்பவைதான். மெத்தென்ற உலோகம், தள்ளினால் மடங்கிவிடும்.

ரியோபா என்ற வகையில் ஒரு விளிம்பில் நீள அறுப்புப் பல், மறு விளிம்பில் குறுக்கு அறுப்புப் பல் இருக்கும். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த நீண்ட மெல்லிய பல் கடின மரத்தின் முடிச்சில் பட்டால் ஒடியும். அப்புறம், தூள் உங்கள் பக்கமாக வந்து கோட்டை மறைக்கும், அடிக்கடி ஊத வேண்டும். வீட்டில் தீட்டுவதும் சிரமம். பெரும்பாலும் தகட்டை மாற்றுவதுதான் வழி.

ரம்பத்தைத் தானே தீட்டிப் பழக வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு நான் தள்ளி அறுக்கும் ரம்பத்தைத்தான் கையில் கொடுப்பேன்.

பல் நுனி மட்டும் கறுநீலமாக இருக்கிறது. இதைத் தீட்ட முடியுமா?

முடியாது. அந்த நிறம், பல் நுனியை மட்டும் நொடியில் சூடாக்கிக் கடினப்படுத்தியதன் அடையாளம். அது அரத்தை விடக் கடினமாக இருக்கும், அரம் வழுக்கும், அரத்தின் பல்தான் தேயும். இந்த ரம்பங்கள் நெடுநாள் கூர் தாங்கும், மழுங்கிய பிறகு மாற்ற வேண்டியதுதான். பசை நிறைந்த பிளைவுட், துகள் பலகை, ஆணி இருக்கக்கூடிய பழைய மரம் ஆகியவற்றுக்கு இப்படி ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நல்ல ரம்பத்தின் ஆயுள் கூடும்.

தாத்தா காலத்து ரம்பம் ஒன்று கிடைத்தது. தேறுமா?

பெரும்பாலும் தேறும், பல நேரம் இன்று புதிதாகக் கிடைப்பதை விட நன்றாகவே இருக்கும். கைப்பிடியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பது போலப் பல் வரிசையின் நீளத்துக்குப் பாருங்கள். நேராக இருக்கிறதா? லேசான வளைவு இருந்தால் கையாலேயே எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிசெய்யலாம். மடிப்பு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு நுனியைப் பிடித்து அரைவட்டம் போல மெதுவாக வளைத்து விடுங்கள், தகடு நேராகத் திரும்பி வர வேண்டும்.

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலோட்டமான பழுப்புத் துரு போய்விடும். பல் வரிசைக்கு அருகே அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால்தான் பிரச்சினை. தீட்டத் தீட்ட அந்தக் குழி பல் நுனியாக வந்து நிற்கும், கூர் நிற்காது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1840-ல் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய நிறுவனத்தின் ரம்பங்கள் உலகம் முழுக்கப் போயின. அதன் டி-8 ரகம் 1874-ல் வந்தது. முதுகு உள்வளைந்து இருக்கும் அந்த வடிவத்தைப் பிறகு பலரும் பின்பற்றினார்கள். அப்படி ஒன்று கையில் வந்தால் தகட்டில் பொறித்த முத்திரையைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது?

கைப்பிடிக்குள் மூன்று விரல்தான். சுட்டு விரல் வெளியே தகட்டின் திசையில் நீட்டியிருக்க வேண்டும். அந்த விரல் காட்டும் திசையில்தான் ரம்பம் போகும். நான்கு விரலையும் உள்ளே திணித்தால் மணிக்கட்டு திருகிக்கொள்கிறது. இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். குருவிக் குஞ்சைப் பிடிப்பது போல, நழுவாத அளவுக்கு மட்டும்.

தோள், முழங்கை, மணிக்கட்டு, ரம்பம் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முழங்கை உடம்பை உரசினால் கை வில் போல வளைந்து ஓடும், அறுப்பும் வளையும். அதனால் உடம்பைக் கொஞ்சம் விலக்கி, கோட்டுக்கு நேர் மேலே கண் வருமாறு நில்லுங்கள். குறுக்கு அறுப்புக்கு ரம்பம் பலகையோடு சுமார் 45 பாகையிலும், நீள அறுப்புக்குச் சுமார் 60 பாகையிலும் சாய்ந்திருக்கட்டும். நுனி முதல் அடி வரை நீளமாக ஓட்டுங்கள். நடு ஆறு அங்குலத்தில் மட்டும் குட்டிக் குட்டியாக ஓட்டினால் அந்தப் பற்கள் மட்டும் தேய்ந்து, தூளும் தடத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஆரம்பிக்கும்போதே துள்ளுகிறது. கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது.

எல்லோருக்கும் இது வரும். ரம்பத்தின் எடை முழுவதையும் பல்லின் மேல் வைப்பதுதான் காரணம். தொடக்கத்தில் எடையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் இரண்டு மூன்று முறை பின்னோக்கி மட்டும் மெதுவாக இழுங்கள். சின்னப் பள்ளம் விழும். இடக்கைக் கட்டைவிரல் முட்டியைப் பல்லுக்கு மேலே தகட்டின் மேல் சாய்த்து வழிகாட்டுங்கள். பள்ளம் விழுந்ததும் லேசாக முன்னே தள்ளலாம். பள்ளம் ஆழமாகும் வரை கட்டைவிரலை மேலேயே வையுங்கள், ரம்பத்தால் வரும் காயத்தில் பெரும்பகுதி இந்த முதல் சில இழுப்பில்தான் நடக்கிறது.

நேர்த்தியான வேலைக்கு இன்னொரு வழி இருக்கிறது. பென்சிலுக்குப் பதில் கூரான கத்தியால் கோடு போடுங்கள். கழிவுப் பக்கத்தில் இருந்து உளியால் கோட்டை நோக்கிச் சாய்வாக ஒரு மெல்லிய செதில் எடுத்துவிட்டால், குட்டி வாய்க்கால் ஒன்று உண்டாகும். ரம்பம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதோடு சேர்த்து: கோட்டின் மேல் அறுக்காதீர்கள், கோட்டை ஒட்டிக் கழிவுப் பக்கத்தில் அறுங்கள். கோட்டின் மேலேயே அறுத்தால் தடத்தின் பாதி அகலம் உங்கள் அளவில் குறைந்துவிடும்.

எவ்வளவு கவனமாக அறுத்தாலும் ஒரே பக்கமாக விலகிப் போகிறது. கை சரியில்லையா?

ஒரே பக்கமாக என்றால் கையைக் குறை சொல்வதற்கு முன் ரம்பத்தைச் சந்தேகப்படுங்கள். கை தவறினால் ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் போகும்.

நான் பழகத் தொடங்கிய காலத்தில் ஓர் அலமாரிக்குப் பலகை அறுத்தேன். ஆறு பலகையும் இடப்பக்கமே வளைந்தன. நின்ற நிலையை மாற்றினேன், பிடியை மாற்றினேன், தடித்த கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூத்த தச்சர் ஒருவர் ரம்பத்தை வாங்கி, கட்டைவிரலின் சதையைத் தகட்டிலிருந்து பல் பக்கமாக மெல்ல நகர்த்தினார். முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். "இந்தப் பக்கம் பல் தூக்கலா இருக்கு தம்பி" என்றார். தீட்டுக்கல்லை எடுத்து, தகட்டோடு ஒட்டிப் படுத்தபடி வைத்து, அந்தப் பக்கப் பல் வரிசையின் மேல் அடியிலிருந்து நுனி வரை ஒரே ஒரு முறை தேய்த்தார். அடுத்த பலகை நேராக வந்தது. அன்று நான் கற்றது இத்தனை வருடமும் உதவியிருக்கிறது.

விளக்கம் எளிது. தகடு தடத்தில் இறுகாமல் இருக்க, பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்திருப்பார்கள். இதைச் செட் என்பார்கள். ஒரு பக்கச் சாய்ப்பு கூடுதலானால் ரம்பம் அந்தப் பக்கமே இழுக்கும். எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் தீட்டுக்கல்லால் ஒரு முறை தேயுங்கள். அறுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை. ஆத்திரப்பட்டு ஐந்து தடவை தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

ரம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். அதை விட அழகான வழி ஒன்று ரம்பத்திலேயே இருக்கிறது. பளபளப்பான தகட்டில் பலகையின் விளிம்பு பிரதிபலிக்கும், பாருங்கள். உண்மையான விளிம்பும் தகட்டில் தெரியும் விளிம்பும் ஒரே நேர்கோடாகத் தொடர்ந்தால் ரம்பம் செங்கோணத்தில் நிற்கிறது. தகடு மறைந்து, பலகை மறுபக்கம் தொடர்ந்து போவது போல இருக்கும். சந்திப்பில் விளிம்பு முறிந்து தெரிந்தால் சாய்ந்திருக்கிறது என்று பொருள். 45 பாகையில் அறுக்கும்போது உண்மை விளிம்பும் பிம்பமும் சேர்ந்து சரியான செங்கோணமாகத் தெரியும். தகட்டைத் துருவின்றிப் பளபளப்பாக வைத்திருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

பாதியில் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்கிறது.

பலகையை எங்கே தாங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு முனையிலும் தாங்கி வைத்து நடுவில் அறுத்தால், பலகை தொய்ந்து தடத்தின் மேல்வாய் மூடிக்கொள்ளும். அறுப்புத் தடத்துக்கு அருகிலேயே தாங்கி வைத்து, துண்டாகும் பகுதி வெளியே இருக்கட்டும். முடியும் தறுவாயில் அந்தத் துண்டை இடக்கையால் தாங்குங்கள், இல்லாவிட்டால் கடைசி நார் கிழிந்து போகும்.

நீள அறுப்பில் சில பலகைகள் உள்ளிறுக்கத்தால் தாமே மூடிக்கொள்ளும். தடத்தில் ஒரு சின்ன மர ஆப்பைச் சொருகிவிட்டுத் தொடருங்கள். ஈர மரத்துக்குச் செட் கூடுதலாக இருக்க வேண்டும். அப்புறம் மெழுகுவத்தி. தகட்டின் இரு பக்கமும் நெளிகோடாக நான்கு கீறல் போட்டுவிட்டு அறுத்துப் பாருங்கள், வேறு ரம்பம் மாதிரி ஓடும்.

பிளைவுட்டின் அடிப்பக்கம் சிதறுகிறது.

சிதறுவது எப்போதும் பல் வெளியேறும் பக்கம். தள்ளி அறுக்கும் ரம்பத்தில் அது அடிப்பக்கம், இழுத்து அறுப்பதில் உங்கள் முகம் பார்க்கும் மேல்பக்கம். அதனால் நல்ல முகத்தை அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கத்தியால் மேல் தோலைக் கீறிவிடுங்கள். அடியில் ஒரு வீணான பலகையை இறுக்கிக் கட்டினால் இன்னும் நல்லது. சிறிய பல், படுத்த கோணம்.

வளைவாக வெட்ட?

கோப்பிங் ரம்பம். வில் போன்ற சட்டத்தில் மெல்லிய பிளேடு கட்டியிருப்பார்கள். பிளேடு இறுக்கமாக இருக்க வேண்டும், விரலால் மீட்டினால் சுருதி கேட்க வேண்டும். திரும்பும் இடத்தில் தள்ளாமல், அறுத்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள்.

எப்போது தீட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்?

அழுத்தத் தொடங்கும்போது. அதற்கு முன்பே கண்ணால் பார்க்கலாம். விளக்கு வெளிச்சத்தில் பல் நுனிகளை மேலிருந்து பாருங்கள். கூரான நுனி வெளிச்சத்தைக் காட்டாது. மழுங்கிய நுனி வெள்ளைப் புள்ளியாக மினுக்கும். வரிசை முழுக்க மினுக்கினால் நேரம் வந்துவிட்டது. தேக்கு போன்ற மரங்களில் சிலிக்கா இருப்பதால் அவற்றை அறுத்தால் பல் சீக்கிரம் மழுங்கும்.

வீட்டிலேயே தீட்ட முடியுமா? கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

முடியும். ரம்பம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இதைப் பழக வேண்டும் என்பது என் திடமான எண்ணம். ஒரு முறை தீட்டிய பிறகுதான் பல் என்ன செய்கிறது என்பது உங்களுக்கு உள்ளூரப் புரியும். நீள அறுப்பு ரம்பத்தில் தொடங்குங்கள், அதில் கோணத் தொல்லை இல்லை.

வேண்டியவை: முப்பட்டை அரம் ஒன்று, தட்டை அரம் ஒன்று, கறுப்பு மார்க்கர் பேனா, இரண்டு நேரான மரச் சட்டம். முப்பட்டை அரத்தின் அளவை எப்படித் தேர்வது? பல்லின் முகம் அரத்தின் ஒரு முகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மறைக்க வேண்டும். அப்படி இருந்தால் அரத்தைத் திருப்பித் திருப்பி மூன்று மூலையையும் பயன்படுத்தலாம்.

ரம்பத்தை இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்து வைஸில் (மேசையில் பொருத்திய திருகுப் பிடியில்) இறுக்குங்கள். பல் பள்ளங்கள் சட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் தெரிய வேண்டும். கூடுதலாக வெளியே நீட்டினால் தகடு அதிர்ந்து கிறீச்சிடும். அந்தச் சத்தம் அரத்தையும் கெடுக்கிறது, பல்லையும் கெடுக்கிறது.

முதலில் சமப்படுத்துவது. தட்டை அரத்தைப் பல் நுனிகளின் மேல் மட்டமாக வைத்து, அடியிலிருந்து நுனி வரை ஒன்றிரண்டு முறை ஓட்டுங்கள். எல்லா நுனியிலும் சின்னதாக ஒரு பளபளப்புத் தளம் விழ வேண்டும். ஒன்றிரண்டு பல் மட்டும் தொடாமல் இருந்தால் பரவாயில்லை, அடுத்த முறை எட்டும். பிறகு பற்களை மார்க்கரால் கறுப்பாக்குங்கள், எதைத் தொட்டீர்கள், எதை விட்டீர்கள் என்று குழப்பம் வராது.

இப்போது முப்பட்டை அரம். உங்களை விட்டு அப்பால் சாய்ந்த பல்லின் முன்முகத்தோடு ஒட்டிய பள்ளத்தில் அரத்தை வையுங்கள். அது பள்ளத்தில் தானாக உட்காரும், பழைய கோணத்தை அதுவே சொல்லும். நீள அறுப்புப் பல் என்றால் தகட்டுக்குச் செங்குத்தாக, மட்டமாக முன்னோக்கித் தள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது தூக்கி எடுத்துவிடுங்கள். இரண்டு தள்ளு, மூன்று தள்ளு என்று ஏதோ ஒரு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளமாகப் போங்கள்.

இங்கேதான் கண் வேலை செய்ய வேண்டும். நுனியில் தெரியும் அந்தப் பளபளப்புத் தளம் பாதியாகக் குறைந்ததும் நிறுத்துங்கள். வரிசை முடிந்ததும் ரம்பத்தைத் திருப்பிப் பிடித்து, விட்ட பள்ளங்களை அராவுங்கள். மீதிப் பாதியும் மறையும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். ஒரு தள்ளு கூடுதலாகப் போனாலும் அந்தப் பல் மற்றவற்றை விடக் குட்டையாகிவிடும், அது இனி மரத்தைத் தொடாது.

குறுக்கு அறுப்புப் பல்லுக்கும் இதே முறைதான். ஒரே வித்தியாசம், அரத்தைச் செங்குத்தாக வைக்காமல் பல்லில் ஏற்கெனவே இருக்கும் சாய்வை ஒட்டி வைக்க வேண்டும். அந்தக் கோணத்தை ஒரு காகிதத்தில் வரைந்து சட்டத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். அரம் அந்தக் கோட்டுக்கு இணையாகப் போனால் போதும்.

முடிந்ததும் தீட்டுக்கல்லைத் தகட்டோடு ஒட்டிப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் ஒரு முறை மிக லேசாக ஓட்டினால் பிசிறு போய்விடும்.

செட்டையும் ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டுமா?

வேண்டாம், மூன்று நான்கு தீட்டலுக்கு ஒரு முறை போதும். தடம் இறுகத் தொடங்கினால் செய்யலாம். பல் சாய்க்கும் கருவி இடுக்கி போல இருக்கும், அதில் சாய்ப்பின் அளவைத் திருகி மாற்றலாம். முழுப் பல்லையும் வளைக்காதீர்கள், மேல் பாதி மட்டும். அடியோடு வளைத்தால் பல் ஒடியும். ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கம்தான் சாய்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் வளைத்தாலும் ஒடியும். தடத்தின் அகலம் தகட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த கடின மரத்துக்கு அதை விடக் குறைவே போதும். தீட்டும் வேலைக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

துருவை எப்படி எடுப்பது, வராமல் எப்படிப் பார்ப்பது?

கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, தகட்டின் நீளவாக்கில் தேயுங்கள். 220 எண் தாளில் தொடங்கி 400-ல் முடிக்கலாம். பல் வரிசையின் பக்கம் போகும்போது விரலில் கவனம். பிசின் ஒட்டியிருந்தாலும் மண்ணெண்ணெயிலேயே கரைந்துவிடும்.

வேலை முடிந்ததும் தகட்டைத் துடைத்து, எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு இழுப்பு இழுத்து வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். வியர்வைக் கைத்தடம்தான் துருவின் முதல் விதை.

மரக் கைப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் தடவலாம். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடு உண்டாகும், சுருண்டு கிடந்தால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட்டுவிட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

ரம்பத்தை எப்படி வைப்பது?

தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் மற்ற இரும்போடு போட்டால் ஒரு வாரத்தில் கூர் போய்விடும். பெட்டியில்தான் வைக்க வேண்டுமென்றால், ஒரு மரச் சட்டத்தில் நீளமாகத் தடம் அறுத்து அதைப் பல்லுக்கு உறையாக மாட்டிவிடுங்கள்.

கைரம்பம்தானே, பாதுகாப்புக்கு என்ன பெரிதாக வேண்டும்?

மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், கண்ணுக்குக் கண்ணாடி, தீட்டும்போதும் அறுக்கும்போதும் நல்ல வெளிச்சம். பழைய மரமானால் அறுக்கும் முன் ஒரு காந்தத்தை அதன் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள், உள்ளே புதைந்த ஆணி இருந்தால் இழுக்கும். தூளை அலட்சியம் செய்ய வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. கைரம்பத் தூள் மின்ரம்பத்தூளை விடக் கனமானது, சீக்கிரம் தரையில் விழும். இருந்தாலும் மூடிய அறையில் நாள் முழுக்க அறுப்பதாக இருந்தால் முகக்கவசம் போடுங்கள். பெருக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

பல் போன ரம்பத்தை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். தகட்டிலிருந்து சுமார் 6 அங்குலம் நீளம், 2 அங்குலம் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி எடுங்கள். விளிம்பைத் தட்டை அரத்தால் நேராக்கி, தீட்டுக்கல்லில் தேய்த்து, கடினமான உருண்டைக் கம்பியால் ஓரத்தை அழுத்தி ஒரு மெல்லிய கொக்கி போல மடக்குங்கள். இழைப்புளி பிய்த்துவிடும் முரட்டு நாரோட்டத்தை இந்தச் சுரண்டுதகடு வழுவழுப்பாக்கிவிடும். இரண்டு கட்டைவிரலாலும் பின்னாலிருந்து லேசாக வளைத்து, முன்னே சாய்த்துத் தள்ளுங்கள். தூளாக வந்தால் கொக்கி சரியாக மடங்கவில்லை, வெங்காயத் தோல் மாதிரி சுருள் வந்தால் சரியாக மடங்கியிருக்கிறது.